‘மரதி’ என்று அச்சடித்த அட்டை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். உடம்பும் நலம், புத்தியும் நலம். இரண்டாவதைத் தனியாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய நிலைமை வந்திருக்கிறது, அதனால் சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் தினசரி வேண்டுதல். உன் அண்ணன் உன்னிடம் போனில் இரண்டு செய்தி சொல்லியிருப்பான். அம்மா வழி தவறிப் போய், யாரோ ஒருவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து தன் பெயரையே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது ஒன்று. அதற்குப் பிறகு கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை செய்து கொடுத்தோம், அம்மாவும் ஒத்துக்கொண்டாள் என்பது இன்னொன்று. இரண்டும் தவறு. நான் வழி தவறவில்லை, போக வேண்டிய இடத்துக்குத்தான் போனேன், போன காரியத்தையும் முடித்தேன். அட்டையை நான் ஒத்துக்கொள்ளவும் இல்லை, அதிலிருந்த எழுத்துப்பிழையைத் திருத்தினேன், அவ்வளவுதான். திருத்துவதும் ஒத்துக்கொள்வதும் ஒன்று என்றால், கான்வென்டில் எங்கள் கட்டுரைகளைத் திருத்திய சிஸ்டர்கள் எல்லோரும் நாங்கள் எழுதிய அத்தனை உளறலையும் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். இதை நீ என் கையெழுத்தில் படிக்க வேண்டும் என்றுதான் போனை எடுக்காமல் பேனாவை எடுத்தேன். வருகிற மாதம் முதல் இந்த வீட்டைப் பூட்டிவிட்டு என்னைத் தன் வீட்டுப் பின்னறைக்குக் கொண்டுபோவதாக அவன் முடிவு செய்துவிட்டான். கொண்டுபோவது என்பது அவன் சொன்ன சொல். பெட்டியைக் கொண்டுபோவார்கள், பீரோவைக் கொண்டுபோவார்கள், இப்போது அம்மாவையும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உன் பையனுக்கு ஸ்வெட்டர் பின்னுகிறேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா, உடலும் கைகளும் முடிந்துவிட்டன, முன்பக்கத்துக்கு ஐந்து பொத்தான் மட்டும் பாக்கி. கடைத்தெரு முனையில் நூலும் ஊசியும் லேசும் விற்கிற கடையில் வாத்து வடிவத்தில் மஞ்சள் பொத்தான் இருந்தது, வாங்கினேன். கடைக்காரன் அதை ஒரு காகித உறையில் போட்டுக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து மேஜைமேல் கொட்டினால் உறையின் உள்பக்கத்திலிருந்து ஒரு பெண் என்னைப் பார்க்கிறாள். பசையை மெதுவாகப் பிரித்து விரித்தேன். யாரோ ஒரு பெண்ணின் அடையாள அட்டை, ஜெராக்ஸ். பெயர், பிறந்த தேதி, கணவர் பெயர், ரத்த வகை, வீட்டு எண், தெரு, அடியில் அவளே போட்ட கையெழுத்து. ஒரு பெண்ணைப் பற்றி அவள் வீட்டாருக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டியதை எல்லாம் மடித்து ஒட்டி அதற்குள் எனக்கு வாத்துப் பொத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செருப்பைக் கழற்றாமலேயே திரும்பக் கடைக்குப் போனேன். எடைக்கு வாங்குற பேப்பரும்மா, உறை ஒட்டுறது என் சம்சாரம், நாங்க யாரும் அதைப் படிக்கிறதே இல்ல, எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பட்டன்தான் என்றான். ஒரு பெண்ணின் பிறந்த தேதியை இப்படித் தெருவில் விடலாமா என்று கேட்டேன். பக்கத்தில் ஜிப் வாங்க நின்றவன், ஏம்மா, பிறந்தநாளுக்கு உங்களைக் கூப்பிடாம விட்டுட்டாங்களா என்று சிரித்தான். கடைக்காரன் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு காகிதக் கட்டை இழுத்து, உங்களுதும் இதுல இருந்தாலும் இருக்கும், தேடிப் பாத்துக்குங்க என்றான். முழ உயரத்துக்கு முகங்கள். கல்யாணமான முகம், படிக்கிற முகம், ஓய்வு பெற்ற முகம், எல்லாம் வாயை இறுக்கி மூடிக்கொண்டு. நான் எங்கெங்கே என் அட்டையின் பிரதியைக் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். வங்கியில், மருத்துவமனையில், போன் கடையில், உன் அப்பா போன பிறகு பெயர் மாற்ற வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் இரண்டு இரண்டாக. போன வருஷம் ஒரு மிக்சிக்கு உத்தரவாதச் சீட்டு தருவதற்குக்கூட வாங்கிக்கொண்டார்கள். மிக்சி ஓடாமல் போனால் என் ரத்த வகையை வைத்து என்ன செய்வார்கள்?

அந்தப் பெண்ணிடம் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். தபாலில் அனுப்பியிருக்கலாமே என்று உன் அண்ணி கேட்டாள். தபாலில் போட்டால் இன்னொரு கைக்குப் போகும், அதுவும் இல்லாமல் தன் அட்டையின் பிரதி பசையோடு ஓர் உறையில் வந்து விழுந்தால் எந்தப் பெண்ணும் பயப்படுவாள். நேரில் கொடுத்து, எங்கே கிடைத்தது என்று வாயால் சொல்வதுதான் முறை. பஸ்ஸில் ஏறினால் அரைமணி நேரத்தில் போய்விடலாம், எனக்குத் தெரிந்த பஸ்தான். சொல்லும்போது காட்டலாம் என்று பொத்தான்களையும் கைப்பையில் போட்டுக்கொண்டேன். என் அட்டையை அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போனேன். மறந்து அல்ல, வேண்டுமென்றே. அந்தக் காகிதக் கட்டைப் பார்த்த பிறகு அதை வெளியே எடுக்கவே எனக்குக் கை வரவில்லை.

அது ஐந்து மாடிக் கட்டிடம். இரும்புக் கேட், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் வேலைக்குப் புதிதாக வந்த வாட்ச்மேன். வெயிலில் நடந்து வந்ததில் எனக்கு மூச்சு வாங்கியது. யாரும்மா நீங்க, எந்த வீடு என்று கேட்டான். பேச முடியாமல் அந்தக் காகிதத்தை நீட்டினேன். அன்று நான் செய்த தவறு என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் அது ஒன்றுதான். அவன் காகிதத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி காகிதத்தைப் பார்த்தான். அதில் தெரிந்தது கறுப்புத் தீற்றலாக ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு நரைத்த தலை. அவன் முகம் அப்படியே இளகிவிட்டது. அய்யோ, அம்மா, நீங்க இப்ப இங்க இல்லையேம்மா, அந்த வீட்டுல வேற குடும்பம்ல இருக்கு, வீடு மாறிப் போனது மறந்துடுச்சா என்றான். இது நான் இல்லை என்றேன். சரிம்மா, நீங்க இல்ல என்றான், சோறு ஊட்டும்போது குழந்தைக்குச் சொல்வார்களே, அந்தக் குரலில். நான் இவளைத் தேடி வந்திருக்கிறேன் என்றேன். தண்ணீர் கேன் இறக்கிக்கொண்டிருந்தவனைப் பார்த்து, எங்க பெரியம்மாவும் இப்படித்தான்ப்பா, கண்ணாடியில தன்னையே பாத்து யார் வந்திருக்கான்னு கேக்கும் என்றான். பிறகு என் பெயரைக் கேட்டான். சொன்னேன். காகிதத்தைப் பார்த்துவிட்டு, அது இல்லம்மா, உங்க பேரு இது என்று என் பெயரை எனக்கே திருத்திச் சொன்னான்! பிறந்த தேதியைக் கேட்டான். சொன்னேன், அதையும் திருத்தினான். வீட்டுக்காரர் பெயரைக் கேட்டான். உன் அப்பாவின் பெயரைச் சொன்னதும் உச்சுக் கொட்டினான். நான் ஒவ்வொன்றையும் சரியாகச் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் எனக்கு எதிராகவே போனது. எதிரில் ரத்தமும் சதையுமாக நின்று தெளிவான உச்சரிப்பில் பேசுகிறவள் பொய், பொத்தான் கடைக் காகிதம் மெய். அந்தப் பெண் என்னைவிடப் பதினோரு வயது இளையவள், அந்தக் கணக்கைக்கூட அவன் போட்டுப் பார்க்கவில்லை. அதற்காக நான் ரொம்ப வருத்தப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடைசியில், உங்க வீட்டு ஆளுங்க நம்பர் ஏதாவது ஞாபகம் இருக்காம்மா என்றான். சரி, நான் யார் என்று என் மகனிடமே கேட்டுக்கொள்ளட்டும் என்று உன் அண்ணனின் எண்ணைச் சொன்னேன், பத்து இலக்கமும், ஓர் இடத்திலும் நிற்காமல். புத்தி தடுமாறியவள் அதை எப்படிச் சொன்னாள் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அவன் போனில், சார், உங்கம்மா இங்க இருக்காங்க, பழைய வீடுன்னு நினைச்சு வந்துட்டாங்க, பேரை மாத்திச் சொல்றாங்க என்று ஆரம்பித்தான். உன் அண்ணன் கேட்ட கதை அதுதான். நீ கேட்டதும் அதுதான்.

இனிமேல் எழுதப்போவது உன் அண்ணனுக்குத் தெரியாது. சொல்லக்கூடாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். என் மகள் கடல் தாண்டி இருக்கிறாள், அவளிடம் மட்டும் சொல்லலாமா என்று உரியவளிடமே கேட்டேன். பேர் சொல்லாம சொல்லுங்கம்மா என்றாள், அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளைக்குக்கூட இது வேண்டாம். வாட்ச்மேன் போன் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த வீட்டில் இப்போது குடியிருக்கிற பெண் காய்கறிப் பையோடு வந்தாள். அவன் காகிதத்தைக் காட்டி என்னைப் பற்றிச் சொன்னான். பெயரைப் பார்த்ததும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை. வெயில்ல ஏன் உக்காந்திருக்கீங்க, மேல வாங்க ஆன்ட்டி என்று என் கையைப் பிடித்து அழைத்துப் போய், உள்ளே நுழைந்ததும் தாழ்ப்பாள் போட்டாள். துவைக்கும் இயந்திரம் ஓடி அதிர்கிற ஒரு சின்ன சமையலறை, இரண்டு ஸ்டூல், ஜன்னலில் காயப்போட்ட குழந்தைச் சட்டை. தண்ணீர்கூடக் கொடுக்காமல், இதை உங்ககிட்ட யார் குடுத்தா, அவர் அனுப்பினாரா என்று கேட்டாள். எவர் என்றேன். அவள் போனில் யாரிடமோ மெதுவாகப் பேசினாள். கொஞ்ச நேரத்தில் பின்படிக்கட்டு வழியாக ஒரு பெண் வந்தாள், ஏதோ பேக்கரியில் வேலை போலிருக்கிறது, ஏப்ரனில் மாவு. வந்த வேகத்தில், யாரு நீங்க, என்னைத் தேடிக்கிட்டு எதுக்கு வர்றீங்க, அவன்தானே அனுப்பினான், உங்க வயசுக்கு இது நல்லாருக்கா என்று கத்தினாள். என்னிடம் அப்படி யாரும் பேசியதில்லை. நான் கைப்பையைத் திறந்து ஐந்து வாத்துகளையும் எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தேன், பக்கத்தில் பசைத் தடத்தோடு அந்தக் காகிதத்தை விரித்தேன். இது இதற்குள் வந்தது, இதைக் கொடுக்க வந்தேன் என்றேன். அவள் வாத்தைப் பார்த்தாள், தன் முகத்தைப் பார்த்தாள், பொத்தென்று ஸ்டூலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை.

அந்த அட்டையில் எழுதியிருந்தது ஒன்றுகூட உண்மை இல்லையாம். என் பேரும் மூக்கும் மட்டும்தாம்மா இதுல என்னுது என்றாள். பிறந்த தேதி பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைமை ஆசிரியை வசதிக்குப் போட்டது. ரத்த வகை, எழுதியவர் அந்தக் கட்டத்தைக் காலியா விட முடியாதும்மா, என்ன போடட்டும் என்று கேட்டாராம், நல்லதா ஒண்ணு போடுங்க சார் என்று இவள் சொன்னாளாம். கணவர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவன் இவள் கையை முறித்தவன், அவனை விட்டு வந்து வருஷங்கள் ஆகின்றன. முகவரி, இவள் அவனுக்குத் தெரியாமல் காலி செய்துவிட்டுப் போன பழைய வீடு. இவ்வளவையும் கேட்ட பிறகு நான் என்ன சொன்னேன் தெரியுமா, உன் அம்மா வேறென்ன சொல்வாள், முதலில் போய் எல்லாவற்றையும் திருத்திக்கொள், முகவரியையாவது திருத்து, அதற்கென்று அலுவலகம் இருக்கிறது என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வேணாம்மா, அட்ரஸ் தப்பா இருக்கறதாலதான் நான் உயிரோட இருக்கேன், போன வருஷம் எங்கேயோ இதே மாதிரி ஒரு ஜெராக்ஸ் கிடைச்சு இந்த வாசல் வரைக்கும் வந்து கதவை உடைச்சான், சரியா இருந்திருந்தா என் வாசலுக்குல்ல வந்திருப்பான் என்றாள். குடியிருக்கிற பெண் தலையாட்டினாள், கதவில் புது மரம் வைத்துத் தைத்திருந்த இடத்தைக் காட்டினாள். நான் எதிலாவது பிழை கண்டால் பேனாவைத் தேடுகிறவள். ஹோட்டல் பலகையில் பிழை இருந்தால் முதலாளியைக் கூப்பிட்டுச் சொல்கிறவள், நீ அவமானத்தில் ஒதுங்கி நிற்பாய். அன்று, திருத்தாதே, அப்படியே இருக்கட்டும் என்று என் வாயால் சொன்னேன். அவள் அந்தக் காகிதத்தைப் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் வைத்து எரித்தாள். தான் வந்தது வாட்ச்மேனுக்கோ என் மகனுக்கோ தெரிய வேண்டாம், எப்படியோ பேச்சு வாய்விட்டு வாய் போய்விடும் என்றாள். வாக்குக் கொடுத்தேன். கீழே உன் அண்ணனின் கார் ஹாரன் கேட்டது. பொத்தானை எல்லாம் பொறுக்கி ஒரு கைக்குட்டையில் முடிந்து என் பையில் அவளே வைத்தாள்.

நான் காரில் ஏறியதும் உன் அண்ணன், யாரும்மா அது, அந்தப் பேப்பர் எங்கே என்றான். இப்போது இல்லை என்றேன். எதுக்கும்மா அங்க போனீங்க என்றான். சொல்ல முடியாது, வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். யாருக்கு என்றான். அதையும் சொல்ல முடியாது என்றேன். அவன் காரை ஓரமாக நிறுத்தி ஸ்டீரிங்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அழுதான், அதையும் எழுதிவிடுகிறேன். அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன், சின்ன வயதிலும் அப்படித்தான். ஆனால் பயந்தவன் கையில் அச்சடிக்கும் இயந்திரம் கிடைத்தால் என்ன ஆகும் என்று இப்போது பார்த்துவிட்டேன். அவன் அலுவலகத்தில் கழுத்தில் கயிறு இல்லாமல் கழிப்பறைக்குக்கூடப் போக முடியாது என்பது உனக்குத் தெரியும். அங்கே அட்டை போடுகிறவரிடமே சொல்லி எனக்கும் ஒன்று போட்டுக் கொண்டுவந்தான். நீலக் கயிறு. உன் கல்யாணப் படத்திலிருந்து என்னை வெட்டி ஒட்டியிருக்கிறான், ஓரத்தில் உன் காதும் கம்மலும் அப்படியே இருக்கின்றன. என் பெயர், வயது, ரத்த வகை, சர்க்கரை உண்டு, ரத்த அழுத்தம் உண்டு, வீட்டு முகவரி, பாதுகாவலர் மகன், அவன் எண். அதற்கும் கீழே சிவப்பு எழுத்தில், கொட்டை எழுத்தில், ‘ஞாபக மரதி உள்ளவர்’. மரதி! வல்லின றகரம் வர வேண்டிய இடத்தில் ரகரம். எனக்கு மறதி என்று அச்சடிக்கப் போன இடத்தில் அந்தச் சொல்லே அவர்களுக்கு மறந்துபோயிருக்கிறது. சிவப்புப் பேனாவை எடுத்து அந்த எழுத்தைச் சுழித்து, மேலே றகரம் எழுதி, ஓரத்தில் ஒரு கோடும் போட்டு மேஜைமேல் எறிந்துவிட்டு உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தால் உன் அண்ணி முகம் மலர்ந்து நிற்கிறாள். பாத்தீங்களா, அத்தையே திருத்திக் குடுத்துட்டாங்க, அப்ப சம்மதம்தானே, நாமதான் வீணா பயந்துட்டோம் என்கிறாள். மறுநாளே புது அட்டை வந்துவிட்டது, றகரத்தோடு, தொலைந்தால் இருக்கட்டும் என்று உபரியாக இன்னொன்றும். இப்போது எழுத்துப்பிழை இல்லாத பொய் இரண்டு என் மேஜைமேல் கிடக்கின்றன.

இந்த விவரமெல்லாம் யாருக்கு என்று அவனிடம் கேட்டேன். நீங்க எங்கேயாவது வழி தெரியாம நின்னா யாராவது பாத்துக் கொண்டுவந்து விடுவாங்கம்மா என்றான். யாராவது என்றால் யார்? நல்லவன் என்றால் என்னிடம் கேட்பான், நான் சொல்வேன். கேட்காமலே படித்துத் தெரிந்துகொள்கிறவனுக்குத்தான் இந்த அட்டை, இதோ ஒரு கிழவி, ஞாபகம் கிடையாது, இன்ன முகவரியில் இருக்கிறாள் என்று என் நெஞ்சின்மேலேயே விளம்பரம் ஒட்டி அனுப்புகிறான். பஸ்ஸில் எதிரில் உட்காருகிறவனெல்லாம் என் சர்க்கரையைப் படித்துக்கொண்டு வர வேண்டுமா? ரத்த வகையைப் பற்றி நம் டாக்டரிடமே கேட்டேன். கார்டைப் பாத்து யாரும் ரத்தம் ஏத்த மாட்டாங்கம்மா, எப்படியும் டெஸ்ட் பண்ணித்தான் ஏத்துவோம் என்றார். பின்னே எதற்கு அச்சடிக்கிறார்கள் என்றேன். அது அடிக்கிறவங்களைத்தான் கேக்கணும் என்று சிரித்தார். அப்புறம் இந்தப் பாதுகாவலர். பள்ளிக்கூட அட்டையில் என் அப்பா, பிறகு உன் அப்பா, இப்போது நான் மூக்குத் துடைத்து வளர்த்த பிள்ளை. எழுபத்துநான்கு வயதில் என்னை நானே பாதுகாத்துக்கொண்டு இந்த வீட்டில் இருக்கிறேன், அதை எழுத எந்த அட்டையிலும் ஒரு கட்டம் கிடையாது. உன் அப்பாவின் பெயர் என் அட்டையில் இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அது சிம் கார்டு விற்கிறவனுக்கு எதற்கு? உன் அப்பா தன் அட்டைப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், இந்த ஆளை எந்த வழக்கில் பிடித்தார்கள் என்று கேட்பார். அவர் இருந்திருந்தால் இந்த இரண்டு அட்டையையும் ஆடுகிற மேஜைக்கு அண்டை கொடுத்திருப்பார்.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். குழந்தையின் பிறந்தநாளுக்கு எடுத்து அனுப்பிய படத்தில் உன் கழுத்திலும் அட்டை தொங்குகிறது. வேலையிலிருந்து நேராக வந்திருப்பாய், புரிகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், உன் பிறந்த தேதி வரை படிக்க முடிகிறது. எனக்கு அது தேவையில்லை, அன்றைக்கு அங்கே இருந்தவள் நான். ஆனால் அந்தப் படத்தை நீ எத்தனை பேருக்கு அனுப்பினாயோ. அலுவலக வாசலைத் தாண்டியதும் கழற்றிப் பைக்குள் போடு. எங்காவது பிரதி கொடுத்தே ஆக வேண்டும் என்றால் எதற்காகக் கொடுக்கிறாய் என்பதை அதன் குறுக்கே பேனாவால் எழுதிக் கொடு, முகத்தின்மேல் விழுந்தாலும் பரவாயில்லை. இங்கே வேறு செய்தி என்றால், குளியலறைக் குழாய் மாற்றியாயிற்று, நானே ஆளை அழைத்து நானே பக்கத்தில் நின்றேன். உன் சித்தி செய்தி கேட்டு ஓடிவந்தாள். என் எதிரில் உட்கார்ந்து, செவிடிக்குச் சொல்வதுபோல, அக்கா, நான் யாருன்னு தெரியுதா என்று கத்தினாள். தெரிகிறது, என் வெள்ளிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போய் இன்னும் திருப்பித் தராதவள் என்றேன். உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்காவுக்கு ஒண்ணும் இல்ல என்று உன் அண்ணனிடமே சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆனால் அவள் சொன்னதை அவன் எடுத்துக்கொள்ளவில்லை, சித்திக்கும் வயசாச்சு என்கிறான்.

அவன் எடுத்துக்கொள்வது உன் சொல்லை மட்டும்தான். முந்தாநாள் சாவிக்கொத்தைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே சொன்னான், தங்கச்சிகிட்டயும் பேசிட்டேன்மா, அவளும் சரின்னு சொல்லிட்டா என்று. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் அதை நம்பவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. போனில் நீ எல்லாவற்றுக்கும் சரி சரி என்பாய். கேட்டுக்கொண்டேன் என்பதற்கும் சரி, பஸ் வந்துவிட்டது என்பதற்கும் சரி, போனை வைக்கிறேன் என்பதற்கும் சரி. இவற்றில் எந்தச் சரியை அவன் எடுத்துக்கொண்டான் என்று எனக்குத் தெரிய வேண்டும். போனில் கேட்டால் நீ அழுவாய், நான் குரலை உயர்த்துவேன், அதையும் அவன் ஓர் அறிகுறியாகக் குறித்துக்கொள்வான். அம்மா வழி தவறித்தான் போனாள் என்று இதைப் படித்த பிறகும் உனக்குத் தோன்றினால் அதையே எழுது, நான் தாங்கிக்கொள்வேன். தோன்றவில்லை என்றால், அம்மா தன் வீட்டில் இருக்கட்டும், அந்த அட்டையை அவள் கழுத்தில் மாட்டாதே என்று உன் அண்ணனுக்குப் புரிகிற மாதிரி எழுது. அவனுக்குக் காட்டப்போகிற கடிதம் அது, அந்தப் பெண்ணைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் வரக்கூடாது.

வேளைக்குச் சாப்பிடு, கழுத்தைச் சுற்றித் துணி கட்டாமல் வெளியே போகாதே. மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள், நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடும் குறையில்லாத மனத்தோடும் இருக்க வேண்டும். ஸ்வெட்டர் இந்த வாரமே பார்சலில் வருகிறது, ஐந்து வாத்தும் தைத்தாயிற்று, அவனை எண்ணச் சொல். ஒன்றாம் தேதிக்குள் உன் பதில் என் கைக்கு வர வேண்டும். உறையின்மேல் என் பெயரும் இந்த வீட்டு முகவரியும் போதும், வேறு விவரம் எதுவும் வேண்டாம். போன் செய்யாதே. பதிலைக் கடிதமாக எழுது.

உன் அம்மா